நிறுத்தினால் தெரிகிற முகம்

உடுவில்
1995, மாசி

மகன்,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. கிளாலிக் கடலேரியால் வள்ளத்தில் வருகிற கடிதத்தை எப்படியும் வழியில் யாராவது பிரிப்பார்கள் என்பது ஒரு காரணம். அது சின்னக் காரணம். பெரிய காரணம், நான் ஊர் கேட்கப் பொய் சொன்னவள். அதனால் ஊர் வாசித்தாலும் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். இதைக் கொண்டுவருகிற ரத்தினம் அண்ணையிடமும் சொல்லிவிட்டேன், வழியில் பொழுது போகாவிட்டால் எடுத்து வாசியுங்கோ என்று. "என்ன பிள்ளை, தாயும் மகனும் எழுதுறதை நான் வாசிக்கிறதோ?" என்று அவர் முகத்தைச் சுளித்தார். வாசிப்பார், எனக்குத் தெரியும்.

உனக்குக் கலியாணம் என்று அவர்தான் வந்து சொன்னார். கொழும்பில் தட்டெழுத்து வேலை செய்கிற பிள்ளை, சாவகச்சேரிப் பக்கத்து ஆட்கள், நல்ல அமைதியான பிள்ளை என்று சொன்னார். கேட்டவுடன் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷம் அடங்க முன்னமே வெட்கம் வந்துவிட்டது. பெற்ற தாய் மகனுடைய கலியாணத்தை அயலாரின் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். அதைவிடப் பெரிய வெட்கம் அடுத்த நாள் மருதனார்மடச் சந்தையில் நடந்தது. விசாரித்தவர்களிடம், "மகன் விபரமாய் எழுதியிருக்கிறான், பொம்பிளையின்ரை படமும் அனுப்பியிருக்கிறான்" என்று என் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்து மரக்கறிப் பையை இறக்கி வைக்கிறபோதுதான், இந்த வாயால்தானே பிள்ளையைத் தொலைத்தாய் என்று எனக்கு உறைத்தது. அன்றைக்கே கடதாசி வாங்கினேன்.

நீ செய்த எதையும் நான் அதன் சொந்தப் பெயரால் வெளியில் சொன்னதில்லை. பல்கலைக்கழகத்துக்கு எடுத்த ஏ.எல். சோதனையின் பெறுபேறு வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். கணக்கில் கோட்டை விட்டுவிட்டு வந்து வாசலில் நின்றாய். நான் உன்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. நேரே படலையைச் சாத்திவிட்டு வந்து, கேட்கிறவர்களுக்கு உனக்கு நெருப்புக் காய்ச்சல், பெறுபேறு பார்க்கவே போகவில்லை என்று சொன்னேன். ஊரும் சும்மா இருக்கவில்லை. கொத்தமல்லித் தண்ணீர் ஒரு வீட்டிலிருந்து, கஞ்சி இன்னொரு வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த ஆவணி வெக்கையில் நீ கம்பளிப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு வேர்த்துக் கொட்டிக் கிடந்தாய். பார்த்தவர்கள், வேர்க்கிறது, இனிக் காய்ச்சல் விட்டுவிடும் என்றார்கள். அவர்கள் போனபிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. நீ சிரிக்கவில்லை. "அம்மா, பெயில் எண்டு சொல்லுங்கோவன். நான் பெயில்தானே" என்றாய். அதைக் குழந்தைத்தனம் என்று நினைத்தேன். பிறகு நீ சந்தியில் றேடியோ திருத்துகிற கடையில் சேர்ந்தபோதும், அவன் எலெக்ட்ரோனிக்ஸ் படிக்கிறான், கடையில் பழகப் போகிறான் என்றுதான் சொல்லித் திரிந்தேன்.

அப்பா இப்படி இல்லை. நாங்கள் குருநாகலில் இருந்த காலத்தில், அவர் கந்தோர் வேலை விட்டு வந்து, வெசாக் பண்டிகைப் பந்தல் காட்ட உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார். ஓடி ஓடி எரிகிற பல்புகளுக்கு நடுவில் புத்தரின் கதை கட்டம் கட்டமாகத் தெரியும். எல்லாப் பிள்ளைகளும் முன்னுக்கு நின்று வாயைப் பிளந்து பார்ப்பார்கள். நீ மட்டும் பின்னுக்குப் போகவேண்டும் என்று அடம்பிடிப்பாய். பின்னால் ஒரு மரப் பீப்பாய் சுற்றிக்கொண்டிருக்கும். அதில் அடித்த செப்புத் தகடுகள் வயர்களைத் தொட்டுத் தொட்டுப் போக, முன்னால் பல்புகள் மாறி மாறி எரியும். அப்பா அங்கே நிற்கிறவரோடு சிங்களத்தில் கதைத்து, உன்னை அந்தப் பீப்பாய்க்குப் பக்கத்திலேயே இறக்கி விடுவார். இரண்டு பேரும் மெய்ம்மறந்து நிற்பீர்கள். நான் புதுச்சீலை கசங்குகிறதே என்று, "வாங்கோ, சனம் நெரிக்குது" என்று இருவரையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வருவேன்.

எண்பத்துமூன்றுக் கலவரத்தில் அதே வீதியால்தான் ஓடினோம். எங்கள் கதவை உடைக்க வந்தவர்களின் லொறிக் கண்ணாடியில் புத்தர் படம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த கண்ணால் பிறகு அவரைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஊருக்கு வந்த பிறகு அப்பா கதை குறைந்து போனார். ஓர் ஊரடங்கு நாளில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் என் மடியிலேயே போய்விட்டார். இதையெல்லாம் நீயும் கூடவே நின்று பார்த்தாய். அப்படி இருந்தும் உன் மனதில் புத்தர் வேறு, லொறி வேறாகவே இருந்தது. எனக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை.

தொண்ணூறில் கரண்ட் போய், போனது போனதுதான் என்று ஆனபிறகு, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றித்தானே ஊர் முழுக்கச் செய்தி கேட்டது. உன் கைக்கு வேலை குறையவில்லை. அந்த நாட்களில்தான் நீ பின்வளவு விறகுக் கொட்டிலுக்குள் அதைச் செய்யத் தொடங்கினாய். பால்மாத் தகர ரின்களை வெட்டினாய். உடைந்த குடைக் கம்பிகளைச் சேர்த்தாய். பழுதான கசற் றெக்கோடரின் மோட்டரைக் கழற்றினாய். உன் ஏ.எல். கொப்பிகளை ஊறப்போட்டுக் கூழாக்கியதைக் கண்டபோது நான் தலையில் அடித்துக்கொண்டேன். "இன்னொருக்கால் எடுக்கலாமெல்லே, அதையேன் ஊறப்போட்டனி?" என்று கேட்டேன். "இதுக்கெண்டாலும் உதவட்டும் அம்மா" என்றாய். அந்தக் கூழில் இருந்து புத்தர் வந்தார்.

நீ எத்தனையோ முறை விளங்கப்படுத்தினாய், நான் அரைக் காதால்தான் கேட்டேன். ஆனாலும் மனதில் நிற்கிறது. நிறுத்தி வைத்த சைக்கிளில் ஏறி மிதித்தால் டைனமோ சுற்றும், மோட்டர் ஓடும், தவத்தைக் கலைக்க வந்த மாரனின் படை புத்தரைச் சுற்றி ஓடும். ரின் தகட்டில் யானை, குதிரை, வாளோங்கிய ஆட்கள், ஆடுகிற பெண்கள், கூடவே ஒரு ஹெலிகொப்டரும் வெட்டியிருந்தாய். வேகமாக மிதித்தால் தகடுகள் உரசிக் காது கிழியும். நடுவில் அரசமரப் பொந்து, உள்ளே இருட்டு, இருட்டுக்குள் அவர். படை ஓடுகிறவரை அவருடைய முகம் தெரியாது. மிதிப்பதை நிறுத்தினால் எல்லாம் ஓயும். அப்போது, அவ்வளவு நேரமும் மிதித்ததால் பழைய பற்றரியில் சேர்ந்த கரண்டில் ஒரு சின்னப் பல்பு எரிந்து அவருடைய முகத்தைக் காட்டும். "இவ்வளவு நேரமும் சுத்தினது ஆர் அம்மா? மாரனோ, மிதிச்ச ஆளோ?" என்று கேட்டாய். "என்னைத் தேங்காய் துருவ விடு" என்றேன். பிறகு மனம் பொறுக்காமல், "ஏன், எங்கடை சாமியளிலை ஒருத்தரும் கிடைக்கேல்லையோ உனக்கு?" என்றும் கேட்டேன். "இவரும் எங்கடை ஆள்தான். கந்தரோடையிலை இருக்கிற பழைய புத்த விகாரையைப் போய்ப் பாருங்கோ. அதைக் கட்டினது குருநாகலாலை வந்த ஆக்களோ?" என்றாய். கந்தரோடை கூப்பிடு தூரம். நான் இன்றுவரை போகவில்லை.

வேலை முடிந்த கையோடு, சண்டிலிப்பாயில் தோட்டக்காரரின் தண்ணீர்ப் பம்புகளை மண்ணெண்ணெயில் ஓடப்பண்ண வேண்டும் என்று உன் கூட்டாளி கூப்பிட்டான். போகும்போது படலையில் நின்று, "அம்மா, நான் வரமுன்னம் ஒருக்கால் ஏறி மிதிச்சு, நிப்பாட்டிப் பாருங்கோ. உங்களுக்குத்தான் முதல்" என்றாய். "ஓம், ஓம்" என்றேன். கோழி தீனுக்குக் கத்திக்கொண்டிருந்தது.

நீ போன இரண்டாம் நாள் சின்னத்துரை மாஸ்ரர் வந்தார். கோயில் தர்மகர்த்தா, எதையும் வாய்விட்டுச் சொல்ல அஞ்சாதவர். அந்தக் கிழமைதான் ஆமி ஹெலியிலிருந்து சுட்டு அடுத்த ஒழுங்கையில் ஒரு வீடு துக்க வீடாகியிருந்தது. கொட்டில் கதவு திறந்து கிடந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "உவர் ஆர் பிள்ளை?" என்று கேட்டார். புத்தர் என்று சொன்னால், அது இயக்கப் பொடியளின் காதுக்கு எட்டினால், உன்னை வந்து விசாரித்தால் என்று ஒரு நொடிக்குள் என்னவெல்லாமோ ஓடியது. "தட்சிணாமூர்த்தி, மாஸ்ரர். மரத்துக்குக் கீழை இருக்கிறார்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ம்" என்று சொல்லிப் போய்விட்டார். அவர் ஒழுங்கை திரும்பியதும் நான் திருநீற்றைக் குழைத்து, இருண்ட பொந்துக்குள் கையை விட்டுத் தடவி, உன் புத்தருக்கு மூன்று குறி இழுத்தேன்.

அது பயத்தில் செய்தது. அதற்கு என்னை மன்னிக்கலாம். ஆனால் மறுநாளில் இருந்து நடந்ததற்குப் பயம் காரணமில்லை, மகன். தட்சிணாமூர்த்தி கல்விக்குரிய கடவுள், ஏ.எல். சோதனை கிட்டுகிறது, இந்த ஊரில் இதற்குமேல் என்ன வேண்டும்? முதலில் ஒரு தாய் மகளைக் கூட்டி வந்தாள். பின்னேரம் நாலு தாய்மார். சைக்கிளில் ஏறி மிதித்தால் படித்தது மண்டையில் ஏறும் என்று கதை பரவியது. நிறுத்தினால் படித்தது நின்றுபோகும் என்றும் பரவியது. முதலில் சொன்னது யார் என்று நான் தேடவில்லை, நானாகவும் இருக்கலாம். ஒரு பிள்ளை இறங்கும்போது சில்லு நின்றுவிடாமல் தாய் கையால் பெடலைச் சுற்றிக்கொண்டிருப்பாள், அடுத்த பிள்ளை பாய்ந்து ஏறும். காலையில் இருந்து பொழுது படும்வரை அந்த ரின் சத்தம் ஓயவில்லை. நான் குளித்து முழுகி, விபூதித் தட்டோடு நடுவில் நின்றேன். என் மகன் செய்தது, சாமியே கனவில் வந்து சொல்லிச் செய்வித்தது என்றும் சொன்னேன். பெயிலானவனின் தாய் என்று எவள் வாய்க்குள் சிரித்தாளோ, அவளே என் கையால் திருநீறு வாங்கினாள். அந்த ஆசை என்னை விடவில்லை.

ஒரு நாள் ஒரு பிள்ளை, களைத்துப்போய், நடுவில் மிதிப்பதை நிறுத்திவிட்டாள். நான் அடுப்பில் பொங்கல் புக்கைக்குப் பால் பொங்க விட்டுக்கொண்டு நின்றேன். "மாமி, இஞ்சை ஓடி வாங்கோ! முகம் தெரியுது!" என்று கூப்பிட்டாள். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நிப்பாட்டாதை! சோதனை பெயிலாகப் போறியோ?" என்று கத்தினேன். அவள் பயந்து மிதிக்க, படை திரும்பவும் ஓடத் தொடங்கியது. பால் பொங்கியது. நல்ல சகுனம் என்று எல்லோருக்கும் சொன்னேன்.

நீ திரும்பி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று சந்தனக்காப்பு. கோயிலில் சாத்துவதுபோல, தலை முதல் கழுத்துவரை கண், மூக்கு ஒன்றும் தெரியாமல் அரைத்த சந்தனத்தை அந்த இருட்டுக்குள் கைத்தடவலாகவே அப்பி, பொட்டும் வைத்திருந்தேன். நீ சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு உள்ளே வந்தாய். உன்னைத் தெரியாத யாரோ, "தம்பி, வரிசையிலை வாரும்" என்றார்கள். போய் வரிசையில் நின்றாய். நான் உன்னைக் கண்டேன். கண்டும், ஓடிவந்து கையைப் பிடிக்காமல், தட்டை ஏந்தியபடி நின்றேன், மகன். உன் முறை வந்தபோது ஏறி, மெதுவாக மிதித்து, நிறுத்தினாய். "ஐயோ, நிப்பாட்டாதையும்!" என்று சனம் குளறியது. பல்பு எரிந்தது. பொந்துக்குள் மஞ்சளாக ஒரு சந்தன உருண்டை இருந்தது. நீ அதைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

சனம் போனபிறகு குசினிக்குள் வந்தாய். கத்துவாய் என்று காத்திருந்தேன், கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். நீ நிதானமாகத்தான் கேட்டாய்.

"அம்மா, நீங்கள் ஒருக்காலாவது நிப்பாட்டிப் பாத்தனீங்களோ?"

"ஓம், பாத்தனான்."

"எப்பிடி இருந்தது?"

"நல்ல வடிவு."

நீ என் முகத்தைப் பார்த்தாய். அப்போதே உனக்குத் தெரிந்துவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டேன், பசியில்லை என்றாய். அடுத்த கிழமையே கிளாலியால் கொழும்புக்குப் போய்விட்டாய். படலையில் நின்று "போட்டு வாறன்" என்று மட்டும் சொன்னாய். ஊருக்கு நான் மேல்படிப்புக்குப் போகிறான் என்று சொன்னேன்.

இனி எழுதுவது உனக்குத் தெரியாதது. நீ போனபிறகு நான் வருகிற சனத்தைத் திருப்பி அனுப்பினேன். பிறகு, எது வந்தாலும் வரட்டும் என்று சின்னத்துரை மாஸ்ரர் வீட்டுக்குப் போனேன். "மாஸ்ரர், அது தட்சிணாமூர்த்தி இல்லை. என்ரை மகன் செய்த புத்தர். நான் பொய் சொன்னனான்" என்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எனக்கு முதல் நாளே தெரியும் பிள்ளை. தட்சிணாமூர்த்தி எண்டால் நாலு கையெல்லோ, காலடியிலை முயலகனெல்லோ இருக்கவேணும்" என்றார். "பிறகேன் நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "என்ரை பேத்திக்கும் சோதனையெல்லோ" என்றார். எந்த மனுஷருக்குப் பயந்து உன் வேலையின் பெயரை மாற்றினேனோ, அந்த மனுஷர் காட்டிக்கொடுக்கிற ஆளே இல்லை. நான் முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு "ம்" என்று சொல்லிப் போயிருப்பார். என் பயத்துக்குக்கூட ஆதாரம் இல்லாமல் போய்விட்டது.

அன்றே கொட்டிலுக்குள் போனேன். முகத்தைத் திறந்துவிட்டு, நீ சொன்னபடி மிதித்து நிறுத்திப் பார்க்கவேண்டும் என்று போனேன். சந்தனம் காய்ந்து ஓடாக இறுகியிருந்தது. கல்லுச் சாமிக்குக் கழுவிவிடலாம், கடதாசிக் கூழுக்கு என்ன செய்வது? ஈரத்துணியை ஒற்றி ஒற்றி, நகத்தால் மெல்ல மெல்லக் கிளப்பினேன். முழு ஓடும் ஒன்றாகக் கழன்று என் கையில் வந்தது. உள்ளே முகம் இல்லை. நனைந்து ஊறிய வெறும் கடதாசி, ஓரிடத்தில் உன் கணக்குக் கொப்பியின் கோடுகூடத் தெரிந்தது. நீ வைத்த முகம் சந்தன ஓட்டின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. திருப்பிப் பார்க்க முன்னமே அது நாலாய் ஐந்தாய் உடைந்துவிட்டது. துண்டுகளில் கறுப்பாய் இரண்டு வளைவு தெரிகிறது. அவை இமைகளா, புருவங்களா என்று எனக்குப் பிடிபடவில்லை. முகம் தெரியுது என்று அன்று கூப்பிட்ட அந்தப் பிள்ளையைத் தேடிப் போய்க் கேட்டேன். "நீங்கள் ஏசினதிலை பயந்து எல்லாம் மறந்துபோச்சு மாமி" என்றாள். அவள் சோதனை பாஸ். மிதித்த மற்ற எல்லோரையும் கேட்டேன், ஒருவருமே நிறுத்தவில்லை.

நீ குடும்பம் நடத்தப் போகிறாய். ஒரு தாய் நிறையப் புத்தி சொல்லவேண்டிய இடம் இது. எனக்கு ஒன்று சொல்லத்தான் யோக்கியதை இருக்கிறது, அதுவும் கெட்டுத் தெரிந்துகொண்டது. அந்தப் பிள்ளை உன்னிடம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால், அது அவள் தைத்த சட்டையாக இருந்தாலும் சரி, வைத்த கறியாக இருந்தாலும் சரி, கையில் உள்ள வேலையை வைத்துவிட்டுப் பார். பார்க்காமல் வடிவு என்று சொல்லாதே. பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல், அதை ஒரு மனுஷி தாங்கிக்கொள்வாள். அவளிடம் என்னைப் பற்றியும் உள்ளதைச் சொல். என் மாமி நல்லவள் என்று அவள் ஏமாறவேண்டாம்.

இப்போது யார் வந்து கேட்டாலும், அது என் மகன் செய்த புத்தர், முகத்தை நான்தான் அழித்தேன் என்று சொல்கிறேன். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. திரும்ப வந்து செய்துதா என்று உன்னைக் கேட்கமாட்டேன், கேட்க முகம் இல்லை. கலியாணத்துக்குக் கூப்பிடு என்றும் கேட்கவில்லை. நான் பார்க்கவில்லை, மகன். ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ரத்தினம் அண்ணை திரும்பி வரும்போது ஒரு துண்டில் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடு, போதும். உன் புத்தருடைய கண் திறந்திருந்ததா, மூடியிருந்ததா?

அம்மா